பெலிக்ஸ் வீட்டு இரைச்சல்

ஜல்லி கிரஷரில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவனுக்கு வீணை என்ன கேடு என்று ஊரில் கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டு போகட்டும். பெலிக்ஸ் குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே கோயிலில் நிற்பான். அவன் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். அதையும் ஆண்டவர் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார். அதற்கு யார் என்ன சமாதானம் சொன்னாலும் ஏற்பதற்கில்லை.

ஆவூருக்குத் தெற்கே, இலையெல்லாம் வெள்ளையாகத் தூசி படிந்து நிற்கிற புளியமரங்களைத் தாண்டினால் கிரஷர். கல்லை விழுங்குகிற வாய்ப் பக்கத்தில் பெலிக்ஸுக்கு வேலை. லாரி வந்து பாறையைக் கொட்டும். சிக்கிக்கொண்ட கல்லைக் கம்பியால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும். அங்கே விழுகிற சத்தம் இருக்கிறதே, அது காதால் கேட்கிற சத்தம் இல்லை, பல்லால் கேட்கிற சத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் பல் கூசிக்கொண்டிருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி மனைவி செல்வராணி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். பஞ்சு வைத்தால் லாரி பின்னால் வருவது தெரியாது என்பான். அதுவும் நியாயம்தான்.

ஒரு தடவை முதலாளி வீட்டுக்குத் தேக்கு வாசல் நிலை ஒன்று ஏற்றிவர காரைக்குடிக்குப் போனான். பழைய சாமான் கடை. கடைக்காரர் ஒரு ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து, ஓடுகிறதா என்று பார்க்க ஏதோ ஒரு வீணை ரெக்கார்டைப் போட்டார். ஒரு தந்தியை மீட்டினார்கள். அந்தச் சத்தம் எழும்பி, மெலிந்து, இன்னும் மெலிந்து, விரலிடுக்கில் கோலப்பொடி தீர்வது போலத் தீர்ந்தது. தீர்ந்த பிறகு அடுத்த தந்தி வரும்வரை ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததில்தான் பெலிக்ஸ் விழுந்தான். நிலையை ஏற்ற வந்தவன் ஏற்றாமல் நின்றான். டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான்.

அந்த பிளேயரும் அந்த ரெக்கார்டும் வீட்டுக்கு வந்தன. மகள் ஷர்லியின் காதணிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்தான் என்று செல்வராணிக்குக் கோபம். ஷர்லியோ, "விடும்மா, அப்பா இது வரைக்கும் தனக்குன்னு ஒரு சட்டகூட எடுத்துக்கிட்டது இல்ல" என்று சொல்லிவிட்டாள். அவள் திருச்சியில் வேலை பார்க்கிற பிள்ளை. தகப்பன் பக்கம்தான் எப்போதும்.

கீரனூரில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிற வசந்தகுமார் வந்து மற்றதையெல்லாம் மாட்டிக் கொடுத்தான். ரெக்கார்டில் ஓடுகிற ஊசி எழுப்பும் சத்தம் எறும்பு தும்முகிற அளவுதானாம். அதை முதலில் ஒரு சின்னப் பெட்டி கைதூக்கி விட வேண்டும். அதன் பிறகுதான் பெரிய ஆம்ப்ளிஃபையர் அதை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்தச் சின்னப் பெட்டிக்குப் போனோ ப்ரீஆம்ப் என்று பெயர். வசந்தகுமார் அதை ஒரு பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள்ளேயே வைத்துச் சமைத்துக் கொடுத்தான். மூடியில் இன்னும் யாரோ ஒருவருடைய பெயர் வெட்டியிருந்தது.

போட்ட அன்றைக்கே பாட்டுக்குக் கீழே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

"எர்த் சரியில்லண்ணே" என்றான் வசந்தகுமார். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பி இறக்கி, அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவந்து டிபன் பாக்ஸில் ஓர் ஆணியில் முடுக்கினான். பிளேயரிலிருந்து வருகிற மெல்லிய ஒயரையும் அதே ஆணியில் சேர்த்தான். கத்தரித்தது போல இரைச்சல் நின்றது. குழி காய்ந்தால் இரைச்சல் திரும்ப வரும், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"குடிக்கத் தண்ணி லாரி வரணும்னு கொடத்த வச்சுக்கிட்டு நிக்கிறோம். இவருக்குக் கம்பிக்குத் தண்ணி" என்று செல்வராணி ஏசினாள். ஏசிக்கொண்டே பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். அவள் வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்.

அந்தக் கோடை முழுதும் அவன் சந்தோஷமாக இருந்தான். வேலை விட்டு வந்து குளித்து, ஈரத்துண்டோடு உட்கார்ந்து, ரெக்கார்டில் ஒரு பக்கம் கேட்பான். பாட்டு அவனுக்கு ஒன்றும் புரியாது. ராகம், தாளம் எதுவும் தெரியாது. தந்தி தீர்கிற இடத்துக்காகத்தான் காத்திருப்பான். அது வந்ததும் கண் மூடும். பகலெல்லாம் பல்லில் ஏறியிருந்த கல் அப்போதுதான் இறங்கும் என்பான்.

ஆடி மாதம் குவாரியில் ஒரு வெடி தாமதித்து வெடித்தது. நனைந்த திரி என்று நினைத்துப் பக்கத்தில் போனவர்களில் இவனும் ஒருவன். யாருக்கும் அடியில்லை. மேலெல்லாம் தூசி. முதலாளி டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். காது அடைத்துக் கிடந்தது, சளி பிடித்தது போல. இரண்டொரு நாளில் திறந்துகொண்டது. திறந்த அன்றைக்கு ரெக்கார்டைப் போட்டான். இரைச்சல் திரும்ப வந்திருந்தது.

"ராணி, இங்கிட்டு வா. கேக்குதா?"

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னது?"

"அடியில ம்ம்ம்முன்னு ஓடுதுல்ல?"

"ஆமா ஆமா, ஓடுது."

வசந்தகுமாரும் வந்தான். ஸ்பீக்கரில் காதை வைத்தான், தலையைச் சாய்த்தான், கண்ணை மூடினான். "லேசா இருக்குண்ணே" என்றான். டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு சாமானை மாற்றினான். போகவில்லை. இன்னும் இரண்டை மாற்றினான். அதற்கும் போகவில்லை. அவனும் பிழைக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் இருக்கிறது என்று சொல்லும்போது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற வழக்கம் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? கடைசியில் அவனும் கையை விரித்தான். "இது டிபன் பாக்ஸ்தாண்ணே. கம்பெனி ப்ரீஆம்ப் ஒண்ணு வாங்கிப் போட்ருங்க. அதான் இதுக்கு வழி."

பெலிக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டான். முழுகுகிறவன் கோரைப்புல்லைப் பிடிப்பது போல.

ஷர்லி அவனை ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ரெக்கார்டு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அவரவர் மருமகனை அவரவர் மெச்சுவது போல அவரவர் பெட்டியை மெச்சினார்கள். பல்பு வைத்த பெட்டிதான் உசத்தி என்று ஒருவர். பல்பெல்லாம் பகட்டு, சத்தம் சுத்தமாக வேண்டுமென்றால் பல்பில்லாததுதான் என்று இன்னொருவர். பெலிக்ஸ் கிரஷரில் சாப்பாட்டு நேரத்தில் தூசியைத் துடைத்துத் துடைத்து அதைப் படிப்பான். ஒரு தரம் அவனும் தட்டினான்: 'எனக்கு இரைச்சல் இல்லாமல் இருந்தால் போதும் சார்.' அதற்கு மட்டும் பத்துப் பேர் பதில் போட்டார்கள், பத்தும் வேறு வேறு.

திருச்சியில் இந்தச் சாமான் விற்கிற பிரசாந்த் நல்ல பையன். ஷர்லி சொன்னதற்காக இரண்டு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினான். ஒன்று கறுப்பு, தீப்பெட்டிக் கட்டு அளவு. இன்னொன்றில் மேலே இரண்டு பல்பு, போட்டால் குத்துவிளக்குத் திரி போலச் சிவந்து எரியும். வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு, வருகிற சனிக்கிழமைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பினால் போதும் என்றான்.

அந்த வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கறுப்பை மாட்டுவான், கேட்பான், கழற்றுவான். பல்பை மாட்டுவான்.

"இதுல கொறஞ்சிருக்கா ராணி?"

"கொறஞ்சிருக்குங்க."

"அதுலயா, இதுலயா?"

"ரெண்டுலயுந்தான்."

"ரெண்டுலயும் கொறஞ்சா எப்புடி? எது கம்மின்னு கேக்குறேன்."

"இந்தா, பல்பு எரியிறது பாக்க நல்லாருக்கு. அத வைங்க. நம்ம சுரூபத்துக்குப் பக்கத்துல வச்சா மாதாவுக்கு வெளிச்சமாவும் இருக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அவன் சிரித்தது அதற்கு ஒன்றுக்குத்தான். ஏனென்றால் எந்தப் பெட்டியை மாட்டினாலும் அந்த 'ம்ம்ம்' அப்படியே இருந்தது. இம்மி கூடவில்லை, இம்மி குறையவில்லை. தந்தி மெலிந்து தீரப் போகிற நேரம் பார்த்து அது மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். வடித்த கஞ்சியில் ஈ விழுந்த மாதிரி.

வெள்ளிக்கிழமை கிரஷருக்கு லீவு. மாதாந்திர மின்தடை என்று செல்லில் செய்தி வந்திருந்தது. வீட்டுக்கும் அதே லைன்தான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. செல்வராணியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கறுப்புப் பெட்டியை மாட்டி ரெக்கார்டைப் போட்டான். கடைசியாக ஒரு தரம் கேட்டு முடிவு பண்ணிவிட வேண்டும்.

பாதியில் கரண்ட் போனது.

ரெக்கார்டு சுற்றுவது தளர்ந்தது. வீணை கிழவன் குரல் போலத் தாழ்ந்து, இழுத்து, நின்றது. ஃபேன் நின்றது. பக்கத்து வீட்டு டிவி நின்றது. மாவு மில் நின்றது. கிரஷர் ஏற்கெனவே நின்றிருந்தது. அந்த ஊருக்கு அப்படி ஒரு அமைதி என்றைக்கு வந்தது என்று சொல்ல முடியாது.

இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

பெட்டிக்குள் கரண்ட் தங்கியிருக்கும் என்று நினைத்தான். அப்படித் தங்கும் என்று வசந்தகுமார் ஒரு முறை சொல்லியிருக்கிறான். பொறுத்தான். பிறகு பிளக்கைப் பிடுங்கினான். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். ம்ம்ம். பெட்டியைத் துணி சுற்றிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். ம்ம்ம். வீட்டுக்குள் வேறெங்கோ இருக்கிறது என்று ஒவ்வொரு சுவரிலும் காதை வைத்தான். செருப்புக்கூடப் போடாமல் வெளியே நடந்தான். தெருவைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, வறண்டு கிடக்கிற கண்மாய்க்குள் இறங்கி நட்ட நடுவில் போய் நின்றான். அங்கே கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. வெடித்த மண்தான்.

ம்ம்ம் என்றது. காரைக்குடியில் கேட்ட அந்த ஒன்றுமில்லாதது இருக்க வேண்டிய இடத்தில், அவன் தலைக்குள்ளேயே, அது ஓடிக்கொண்டிருந்தது.

கடையிலிருந்து திரும்பிய செல்வராணி திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துப் பதறித் தேடிக்கொண்டு வந்தாள். அவன் கண்மாய்க்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்தினால் இன்னும் கூடுகிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தான்.

"என்னங்க, பாம்பு கீம்பு கடிச்சிருச்சா?"

"ராணி, ஒரு உண்மயச் சொல்லு. அந்த எரைச்சல் ஒனக்குக் கேட்டுச்சா?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லு."

"எங்கங்க கேட்டுச்சு? நீங்க ஓடுதுங்குறீங்க. இல்லன்னா மொகம் செத்துப் போயிரும். அதான் ஆமான்னேன்."

"ஆடியிலேர்ந்தா?"

"ஆடியிலேர்ந்துதான்."

"அப்ப வசந்தகுமாரு?"

"அவரு வாசல்ல செருப்பு மாட்டும்போதே சொன்னாரு. அக்கா, எனக்கு ஒண்ணும் கேக்கல, அண்ணனுக்குச் சொல்லிறாதீங்கன்னாரு."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எல்லாருஞ் சேந்து நல்லா கேட்டீங்கடி" என்று மட்டும் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் 'டி' போட்டது இல்லை.

ஷர்லி வந்து திருச்சியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, 'கேட்டால் கை தூக்குங்கள்' என்றார்கள். கை தூக்க வேண்டிய நேரத்திலெல்லாம் அவன் சும்மா இருந்தான். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் தூக்கினான். நரம்பு தேய்ந்துபோய்விட்டது, வெடிச் சத்தத்தில் மிச்சமும் போய்விட்டது என்றார் டாக்டர். தேய்ந்த நரம்பு திரும்பாதாம். இரைச்சலை நிறுத்த மருந்து கிடையாதாம். பழகிக்கொள்ள வேண்டுமாம். சொல்லுகிறவருக்கு என்ன, அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் பிரசாந்த் கடையில் இரண்டு பெட்டிகளையும் கொடுத்தான்.

"ரெண்டையுமா அங்கிள்? எது புடிக்கல?"

"ரெண்டும் நல்ல பெட்டி தம்பி" என்றான் பெலிக்ஸ். "நல்ல காதுக்குக் குடுங்க."

பஸ் ஏறும்வரை ஷர்லி அவன் கையை விடவில்லை. வேறு வேலைக்குப் போங்கப்பா என்றாள். சரிம்மா என்றான். எந்த வேலைக்கு என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. திங்கட்கிழமை கிரஷர் வாயில் போய் நின்றான். கல் விழ ஆரம்பித்தது. சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது, இரைச்சலைக் காணோம். கல்லின் சத்தம் அதை மூடிவிட்டது. எது அவன் காதைத் தின்றதோ, அங்கே நிற்கும்போது மட்டும்தான் அவனுக்கு நிம்மதி. சங்கு ஊதி மெஷின் நின்றதும் அது திரும்ப எழுந்து வரவேற்கும். மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுகிற நேரத்தில் அவன் கிரஷர் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். அடுத்த ஷிப்டையும் கேட்டு வாங்கினான்.

வீட்டில் சோறு எடுக்கும்போது டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்வான். தூங்க மாட்டான். ரெக்கார்டு பிளேயர் மேல் செல்வராணி ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாள். பிணத்துக்குப் போட்டது மாதிரி இருக்கிறது என்று அவளே அதை எடுத்துவிட்டு வேறு பூப்போட்ட துணியைப் போட்டாள்.

ஒரு ஞாயிறு பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் நேரம். மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. கோயில் முழுக்க முழங்காலில். குழந்தைகூட வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் பெலிக்ஸ் காதுக்குள் கிரஷரே ஓடியது. தலையை ஆட்டினான். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து, முழங்காலிட்டிருந்தவர்களின் கால்களைத் தாண்டி வெளியே போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவே இல்லை. கிரஷரில் நின்றான்.

"பூசைக்கு வராம அந்தப் பேயிக்கிட்டயா போயி நிக்கிறீங்க?" என்று செல்வராணி கத்தினாள்.

"அங்கதான் ராணி அமைதியா இருக்கு."

கொல்லைப் பக்கம் போய் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அத்தனை நாளும் அவள் அதை விட்டிருக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு வாசலில் அவன் செருப்பை ஒளித்து வைத்துவிட்டாள். "கிரஷருக்கும் வேணாம், கோயிலுக்கும் வேணாம். அந்த வீணையப் போடுங்க. எனக்காவது கேக்கட்டும். நான் ஒரு நா கூட ஒழுங்காக் கேட்டதில்ல" என்றாள். பரணில் கிடந்த டிபன் பாக்ஸை அவளே இறக்கித் துடைத்துக் கொடுத்தாள்.

அவன் மனசில்லாமல் மாட்டினான். அதை மாட்டினேன் இதை மாட்டினேன் என்று ஏனோதானோவென்று மாட்டி, ரெக்கார்டில் ஊசியை வைத்தான்.

வீடே அதிர்கிற மாதிரி ஒரு 'ம்ம்ம்' கிளம்பியது.

பிளேயரிலிருந்து வருகிற அந்த மெல்லிய எர்த் ஒயரை முடுக்க மறந்துவிட்டிருக்கிறான். தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஆணிப் பக்கம் கொண்டுபோனான். கொண்டுபோன கை நின்றது.

ஸ்பீக்கரின் இரைச்சலும் அவன் இரைச்சலும் கலந்துபோயிருந்தன. எது பெட்டியுடையது, எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அது அவன் தலைக்குள் இல்லாமல் வெளியே, சுவர் ஓரமாக, ஒரு சாமானிலிருந்து வருவது போல இருந்தது. வீணை அதற்குள் மிதந்தது. தந்தி தீர்கிற இடம் வந்தது. தீரவில்லை. இரைச்சலுக்குள் முங்கிப்போனது. இனி அது தீர்வதை அவன் கேட்கப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

ஒயரைக் கீழே விட்டான்.

செல்வராணி அடுப்படியிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னங்க இது, மலைத்தேனீக் கூடு கலைஞ்ச மாதிரி!"

"ஒனக்குக் கேக்குதா?"

"கேக்காம?"

"நெசமாச் சொல்லு. எனக்காகச் சொல்லாத."

"மாதா மேல சத்தியமாக் கேக்குதுங்க. நெஞ்சுக்குள்ள அடிக்குது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பொத்தியிருந்த கையை மெதுவாக இறக்கினாள். பாட்டை நிறுத்தச் சொல்ல வந்தவள் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ரெக்கார்டு ஒரு பக்கம் ஓடி முடிந்து, ஊசி ஓரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து எர்த் குழிக்கு அவள் தண்ணீர் ஊற்றவில்லை.